நுரை அதிகம்

ஓசூர்ப் பக்கம் நீங்கள் வாஷிங் மெஷின் வாங்கினால்
பொருத்த வருவது நானாக இருக்கலாம்.
எல்லா வீட்டிலும் முதலில் கேட்பேன்:
தண்ணீர் எங்கிருந்து வருகிறது?
போர், லாரி, ஒகேனக்கல் குழாய் என்பார்கள்.
எவ்வளவு உப்பு, எத்தனை நாளைக்கு ஒருமுறை,
மோட்டார் எத்தனை குதிரை, எல்லாம் சொல்வார்கள்.
அடுத்துக் கேட்பேன்:
தண்ணீர் எங்கே போகவேண்டும்?
அதை ஒருவரும் யோசித்து வைத்திருப்பதில்லை.
வெளியே, என்று கையை அசைப்பார்கள்,
வெளியே என்று ஓர் ஊர் இருப்பது போல.

நேற்று அந்த ஊர் வழியாகத்தான் போனேன்.
பெங்களூரில் கோடைமழை,
கெலவரப்பள்ளியில் மதகைத் திறந்திருந்தார்கள்.
தரைப்பாலத்தைக் காணவில்லை.
அது இருந்த இடத்தில் வெள்ளை,
ஆள் உயரத்துக்கு, மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு.
காற்று கிள்ளிப்போட்ட துண்டுகள்
தக்காளிச் செடியில், மின்கம்பியில்,
கொத்தமல்லிப் பாத்தியில்.
இரண்டு பையன்கள் பனி பனி என்று
அள்ளித் தலையில் வைத்துப் படம் எடுத்தார்கள்.
நாற்றம் படத்தில் வராது.

எனக்கு அந்த நாற்றம் தெரியும்.
அடைத்த ஃபில்டரைத் திருகும்போது
முகத்தில் அடிக்குமே, அது.
எலுமிச்சை, லாவண்டர், மல்லிகை என்று
பாக்கெட்டில் அச்சடித்ததெல்லாம்
கடைசியில் ஒரே வாசனைதான்.
பெங்களூர்க்காரனைத் திட்டிக்கொண்டு
கேனோடு நின்றார் பால்காரர்.
நானும் தலையாட்டினேன்.
பெங்களூரில் மூன்று வருடம் வேலை பார்த்தேன்,
பொருத்தியது எண்ணூறுக்கு மேல்.
அதை அவரிடம் சொல்லவில்லை.

அக்கரையில் திம்மராயன் வீட்டுக்கு டெலிவரி.
பதினோரு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போனேன்.
ஏழு கிலோ, முன்கதவு, பதினெட்டு மாதத் தவணை.
அவர் மனைவி லகுமம்மா கைகளைக் காட்டினாள்.
விரலிடுக்கெல்லாம் வெடிப்பு, மேலே மஞ்சள்.
"ஆத்துத் தண்ணியில துவைச்சு வந்தது.
அதான் மெஷின்."
தோல் டாக்டருக்குக் கொடுப்பதைவிடத்
தவணை கம்மி என்றார் திம்மராயன்.
கணக்கு சரிதான்.

மட்டம் பார்த்தேன், குழாய் மாட்டினேன்.
பிறகு என் இரண்டாவது கேள்வி.
இந்த மனிதர் யோசிக்கவே இல்லை.
வேலிக்கு அப்பால் சரிவைக் காட்டினார்.
சரிவின் முடிவில், வெள்ளையாக, ஆறு.
ஹோஸ் எட்டவில்லை.
நீட்டிக் கொடுத்தேன்.
அதற்குத் தனியாக இருநூற்றைம்பது.

முதல் துவைப்புக்கு அவள்
கை நிறையத் தூள் அள்ளிப் போட்டாள், பழக்கம்.
கண்ணாடிக்குள் நுரை ஏறி ஏறித்
துணி மறைந்தது.
மெஷின் ஒருமுறை கனைத்தது. நின்றது.
திரையில் ஒரு குறி.
"என்ன சொல்லுது?"
நுரை அதிகமாம். இதுக்குமேல சுத்தாது.
அடங்குறவரை காத்திருக்கும்.
"புத்தியுள்ள சாமான்" என்றாள்.

நாங்களும் காத்திருந்தோம்.
மே மாதம், பகல் பன்னிரண்டு,
கூலர் சுடுகாற்றை ஊதியது.
ஏசி வேலையும் பழகிக்கொள் என்று
கம்பெனி சொன்னபோது
ஓசூரிலா என்று சிரித்தவன் நான்.
இந்த மாதம் மட்டும் நாற்பத்திரண்டு பொருத்தினேன்,
ஒவ்வொன்றும் வீட்டுச் சூட்டைத் தெருவுக்குத் தள்ளும்.
தெருவும் வெளியேதானே.
ஜன்னலில் ஆறு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

போனில் படிவம் நிரப்பினேன்.
நீர்வரத்து: சரி. மட்டம்: சரி.
வெளியேற்றம் என்ற கட்டத்தில்
சரி, சரியில்லை, இரண்டுதான் இருந்தன.
சரி என்பதைத் தொட்டேன்.
லகுமம்மா கையெழுத்துப் போட வந்தாள்.
வெடித்த விரலை ஸ்கிரீன் உணரவில்லை.
மூன்றாம் தடவை உணர்ந்தது.

வண்டியை எடுக்கும்போது
பின்பக்கம் ஹோஸ் இருமியது,
கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளை கக்கியது.
சரிவில் மேய்ந்த ஒரு கோழி
இரண்டடி தள்ளி நின்று பார்த்தது.
பிறகு கிட்டே வந்து
கொத்தியது.